திகட்டாத இனிப்பு: சிவப்பு டெசர்ட் ஒயின் செய்வதும் சுவைப்பதும்

ஒயினை இனிப்பாக்குவது பெரிய வித்தை இல்லை. சர்க்கரை போட்டால் இனித்துவிடும். ஆனால் மூன்றாவது வாய் குடிக்கும்போதும் திகட்டாமல் இருக்க வேண்டுமே, அங்கேதான் வேலை இருக்கிறது. போர்ச்சுகலின் இனிப்பு ஒயினான போர்ட்டில், அது நல்லதாக இருந்தால், லிட்டருக்கு 100 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கும். அதே அளவு சர்க்கரையை வெறும் தண்ணீரில் கரைத்துக் குடித்தால் முகம் சுளிப்போம். போர்ட்டில் அப்படித் தோன்றுவதில்லை. புளிப்பும், துவர்ப்பும், ஆல்கஹாலின் சூடும் சேர்ந்து அந்தச் சர்க்கரையை எதிர்த்து நிற்கின்றன. சிவப்பு டெசர்ட் ஒயின் செய்ய இறங்குபவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்: சர்க்கரையைக் கடைசியில்கூடச் சரிசெய்துகொள்ளலாம், ஆனால் புளிப்பையும் துவர்ப்பையும் முதல் நாளிலிருந்தே சேகரிக்க வேண்டும்.

தொடங்கும் முன் இரண்டு விஷயங்கள். வீட்டில் ஒயின் செய்வதைச் சில இடங்களில் சட்டம் அனுமதிக்கிறது, சில இடங்களில் அளவு வரம்பு வைக்கிறது, சில இடங்களில் அடியோடு தடுக்கிறது. உங்கள் ஊர்ச் சட்டத்தையும் குடிக்கும் வயது வரம்பையும் பார்த்துவிட்டு இறங்குங்கள். இரண்டாவது, எதையும் காய்ச்சி வடிக்காதீர்கள். இந்தச் செய்முறையில் அதற்குத் தேவையே இல்லை. கூடுதல் ஆல்கஹால் வேண்டிய இடத்தில் கடையில் முத்திரையோடு விற்கும் பிராந்தி மட்டும்தான். தொழிற்சாலை ஸ்பிரிட், கைகழுவும் திரவம், எங்கிருந்து வந்தது என்று தெரியாத சாராயம் ஆகியவற்றில் மெத்தனால் இருக்கலாம். அது கண்ணைப் பறிக்கும், உயிரையும் எடுக்கும்.

ஒயினில் சர்க்கரை எப்படி மிஞ்சுகிறது

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளியிடுகிறது. லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை தீர்ந்தால் ஆல்கஹால் 1 சதவீதம் கூடும். அதன் போக்கில் விட்டால் சாதாரணத் திராட்சைச் சாற்றிலுள்ள சர்க்கரை முழுவதையும் ஈஸ்ட் தின்று தீர்த்துவிடும். மிஞ்சுவது இனிப்பில்லாத ஒயின். இனிப்பு வேண்டுமானால் ஈஸ்ட்டை நடுவில் நிறுத்த வேண்டும், அல்லது அதனால் தின்று முடிக்க முடியாத அளவு சர்க்கரை சாற்றில் இருக்க வேண்டும், அல்லது எல்லாம் முடிந்த பிறகு நாமே சர்க்கரை சேர்க்க வேண்டும்.

நடுவில் நிறுத்தும் வழிக்குப் பேர்போனது போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கு. போர்ட் ஒயினுக்கான எல்லை அங்கே 1756இல் வகுக்கப்பட்டது. டூரிகா நசியோனல், டூரிகா ஃபிராங்கா, டின்டா ரோரிஸ் போன்ற திராட்சைகளை மிதித்துப் பிழிந்து, இரண்டு மூன்று நாள் நொதித்ததும், 77 சதவீத ஆல்கஹால் உள்ள திராட்சை ஸ்பிரிட்டை ஊற்றுகிறார்கள். ஏறக்குறைய நாலு பங்கு சாற்றுக்கு ஒரு பங்கு ஸ்பிரிட். ஆல்கஹால் ஒரேயடியாக 19, 20 சதவீதத்துக்கு ஏற, ஈஸ்ட் செத்துவிடும், மீதிச் சர்க்கரை அப்படியே நின்றுவிடும். பிரான்சின் தெற்குக் கோடியில் பன்யுல்ஸ், மோரி ஒயின்களும் கிரெனாஷ் திராட்சையிலிருந்து இதே தத்துவத்தில்தான் வருகின்றன.

இத்தாலியின் வல்போலிசெல்லாவில் வழி வேறு. கொர்வினா முதலான திராட்சைகளைத் தட்டுகளில் பரப்பி மூன்று நான்கு மாதம் உலர விடுகிறார்கள். எடையில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறைந்து, சர்க்கரையும் புளிப்பும் சுண்டிப்போன பழத்திலிருந்து ரெச்சோட்டோ பிறக்கிறது. ஸ்பிரிட் எதுவும் சேர்ப்பதில்லை. அருமையான ஒயின். ஆனால் முதல்முறை செய்பவருக்கு நான் சொல்ல மாட்டேன். காற்றோட்டமும் குளிர்ச்சியும் சரியாக அமையாவிட்டால் திராட்சை பூஞ்சை பிடித்துவிடும்.

அப்படியானால் புதியவர் எதை எடுப்பது? போர்ட் வழி எளிது போலத் தோன்றும். கணக்கு போட்டால்தான் சிக்கல் தெரியும். 7 சதவீதத்தில் நொதித்தலை நிறுத்தி 18க்கு ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 77 சதவீத ஸ்பிரிட் என்றால் 5 லிட்டருக்கு 1 லிட்டர்கூடத் தேவையில்லை. நமக்குக் கிடைக்கும் பிராந்தியோ 40 சதவீதம். அதில் இரண்டரை லிட்டர் ஊற்ற வேண்டிவரும். பாத்திரத்தில் மூன்றில் ஒரு பங்கு பிராந்தி! பழமும் நிறமும் புளிப்பும் நீர்த்துப்போகும்.

அதனால் நான் பரிந்துரைப்பது வேறு வரிசை: முதலில் நன்றாகச் சாறு இறங்கிய, இனிப்பில்லாத, துவர்ப்பான சிவப்பு ஒயினைச் செய்து முடிப்போம். அப்புறம் அதற்குக் கொஞ்சமாகப் பிராந்தி, கடைசியில் அளந்து சர்க்கரை. தோலோடு முழு வாரம் ஊறுவதால் நிறமும் துவர்ப்பும் முழுதாக இறங்கும். பிராந்தியும் பாதிதான் ஆகும். சர்க்கரையை நாக்கால் சோதித்து முடிவு செய்யலாம். போர்ட்டின் நகலாக இது அமையாது. ஆனால் முதல்முறையிலேயே நன்றாக வரும்.

கைக்கு வேண்டியவை

9 கிலோ சிவப்புத் திராட்சை எடுத்துக்கொள்வோம். கையில் 5 லிட்டர் தெளிந்த ஒயின் மிஞ்ச அது போதும். தோல் தடித்த, நிறம் கறுத்த வகையாக இருக்கட்டும். பெரும்பாலான சிவப்புத் திராட்சைகளின் உள்சதை வெளிறித்தான் இருக்கும். நிறம், துவர்ப்பு, வாசனையில் பெரும்பகுதி எல்லாமே தோலில்தான் இருக்கின்றன. மெல்லிய தோலும் நிறைய நீரும் உள்ள சாப்பாட்டுத் திராட்சையிலிருந்து வெளிறிய ஒயின்தான் வரும். வேறு கிடைக்காவிட்டால் திராட்சையை ஒரு நாள் உறையவைத்து, பிறகு உருக விடுங்கள். பனிக்கட்டி தோலின் செல்களை உடைத்துவிடுவதால் நிறம் கூடுதலாக இறங்கும்.

பாத்திரங்களில், உணவுக்கு ஏற்ற 15 லிட்டர் பிளாஸ்டிக் வாளி ஒன்று, 5 லிட்டர் கண்ணாடிக் குடுவைகள் இரண்டு, அவற்றுக்கு ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத மூடி), ஒரு சிறு குழாய், பிழியத் துணிப்பை. இரும்பு, செம்பு, பித்தளை, அலுமினியம் எதிலும் ஒயினை வைக்காதீர்கள். அமிலம் அவற்றை அரிக்கும். சாற்றின் அடர்த்தியைத் தண்ணீரோடு (1.000) ஒப்பிட்டுக் காட்டும் ஹைட்ரோமீட்டர் கட்டாயம் வேண்டும்; சர்க்கரை கூடினால் எண்ணும் கூடும். அது இல்லாமல் செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான். புளிப்பை அளக்க பிஎச் மீட்டர் (எண் குறைந்தால் புளிப்பு அதிகம்) இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பிஎச் தாள். ஒரு கிராமுக்குக் கீழே நிறுக்கக்கூடிய சிறு தராசு. மருந்துப் பொருள்களில் ஒயின் ஈஸ்ட் ஒரு பொட்டலம், ஈஸ்ட் ஊட்டச்சத்து, டார்டாரிக் அமிலம், பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட், பொட்டாசியம் சோர்பேட். ரொட்டி ஈஸ்ட் வேண்டாம். ஆல்கஹால் ஏறும்போது அது களைத்துப்போய் விடும், வாசனையும் சுத்தமாக இராது.

எல்லாவற்றையும் கழுவி, கிருமிநீக்கிக் கரைசலில் அலசிவிடுங்கள். நறுமணச் சோப்பு வேண்டாம், அந்த வாசனை ஒயினுக்குப் போகும்.

முதல் நாள்: கூழும் அளவும்

அழுகியது, பூஞ்சை பிடித்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். காம்புகளை முழுக்க நீக்குங்கள், அவை பச்சையான கசப்பைத் தரும். பிறகு கையால் நசுக்குங்கள். மிக்சியில் போடவே கூடாது. விதை உடைந்தால் வரும் கசப்பை எந்தச் சர்க்கரையாலும் மறைக்க முடியாது. தோல் கிழிந்து சாறு வெளிவந்தால் போதும்.

கூழை வாளியில் போட்டு, அரை கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட்டைக் கொஞ்சம் நீரில் கரைத்து ஊற்றிக் கலக்குங்கள். இது காட்டு ஈஸ்ட்டையும் பாக்டீரியாவையும் அடக்கும், சாறு பழுப்பாவதையும் தடுக்கும். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு சல்ஃபைட் ஒத்துக்கொள்ளாது. அப்படி யாராவது குடிப்பதாக இருந்தால் அவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பொடியின் நெடி மூக்கில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் சாற்றை வடிகட்டி ஹைட்ரோமீட்டரில் பாருங்கள். நமக்கு வேண்டியது 1.095. அது 0.996 வரை இறங்கினால், வித்தியாசத்தை 131.25ஆல் பெருக்கினால், ஏறக்குறைய 13 சதவீத ஆல்கஹால். சாப்பாட்டுத் திராட்சையில் 1.075 மாதிரி குறைவாக இருக்கும். ஒரு லிட்டர் சாற்றில் 0.010 ஏற்ற சுமார் 26 கிராம் சர்க்கரை வேண்டும். 9 கிலோவில் 6 லிட்டர் சாறு இருக்கிறது என்று கொண்டால், 1.075ஐ 1.095 ஆக்க 310 கிராம் போகும். சாற்றிலேயே கரைத்துச் சேருங்கள், தண்ணீர் வேண்டாம்.

அடுத்து புளிப்பு. என் பார்வையில் முழுச் செய்முறையிலும் இதுதான் ஒயினின் தலையெழுத்தை நிர்ணயிக்கும் இடம். பிஎச் 3.4க்கும் 3.6க்கும் இடையில் இருக்க வேண்டும். 3.8, 3.9 என்று காட்டினால் சாறு சப்பென்று இருக்கிறது, கெட்டுப்போகவும் எளிதில் இடம் கொடுக்கும் என்று பொருள். லிட்டருக்கு 1 கிராம் டார்டாரிக் அமிலம் சேர்த்து, கலக்கி, மறுபடி அளந்து பாருங்கள். தேவையானால் இன்னொரு தடவை. இப்போது சாற்றை ருசித்தால் இனிப்புக்கு நடுவே வாயில் எச்சில் ஊற வேண்டும். வெறும் இனிப்பு மட்டும் தெரிந்தால் இன்னும் புளிப்புப் போதவில்லை. பின்னால் நாம் லிட்டருக்கு 100 கிராம் வரை சர்க்கரை ஏற்றப்போகிறோம், அதைத் தாங்கும் முதுகெலும்பு இங்கேதான் உருவாகிறது.

ஈஸ்ட் வேலை செய்யும் வாரம்

சல்ஃபைட் போட்டு ஒரு நாள் கழித்து ஈஸ்ட்டைச் சேர்க்கலாம். 5 கிராம் பொட்டலத்தை 50 மில்லி வெதுவெதுப்பான நீரில், 35 முதல் 40 டிகிரிக்குள், கால் மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சாற்றைக் கலந்து அதன் வெப்பத்தைக் கூழுக்கு நெருக்கமாகக் கொண்டுவந்து ஊற்றுங்கள். சூட்டிலிருந்து திடீரென்று குளிரில் தள்ளினால் பாதி ஈஸ்ட் செத்துவிடும். ஊட்டச்சத்தைப் பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுப்படி சேருங்கள்.

வாளியைத் துணியால் மூடி வையுங்கள், இறுக்கி மூடாதீர்கள். இந்த அளவு சாற்றிலிருந்து 350 லிட்டர் அளவுக்கு கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். அடைத்த பாத்திரம் வெடிக்கும். அடைத்த சிறு அறையும் ஆபத்து. ஜன்னலைத் திறந்து வையுங்கள், வாளிக்குள் தலையைக் குனிந்து மோந்து பார்க்காதீர்கள்.

ஒரு நாளில் தோல்கள் எல்லாம் மேலே எழும்பித் தடித்த அடுக்காக நிற்கும். அந்த அடுக்கு காய்ந்து கிடந்தால் காடிக் கிருமி பிடிக்கும். கீழே உள்ள சாற்றுக்கு நிறமும் இறங்காது. ஆகவே நாளுக்கு மூன்று தடவை சுத்தமான கரண்டியாலோ கையாலோ அதை உள்ளே அமுக்கிக் கலக்குங்கள். சோம்பல் படக் கூடாத ஒரே வேலை இதுதான். நிறம் நீரிலேயே கரையக்கூடியது என்பதால் முதல் மூன்று நான்கு நாளிலேயே பெரும்பகுதி இறங்கிவிடும். விதையின் துவர்ப்பு, ஆல்கஹால் ஏறிய பிறகு மெல்ல இறங்கும். டோரோவில் கல்தொட்டிகளில் இறங்கி மணிக்கணக்கில் காலால் மிதித்தார்கள் என்றால், நொதித்தல் இரண்டு மூன்று நாளில் நிறுத்தப்பட்டுவிடும், அதற்குள் தோலிலிருந்து எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டும் என்பதால்தான். நமக்கு ஒரு வாரம் இருக்கிறது.

வெப்பம் 24 முதல் 28 டிகிரி. 32ஐத் தாண்டினால் ஈஸ்ட் திணறத் தொடங்கும், பழ வாசனையும் வெந்துபோகும். வாளியைக் குளிர்ந்த நீர் நிறைந்த பெரிய தொட்டியில் நிறுத்தலாம். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் ஈஸ்ட்டுக்கு ஊட்டம் போதாமல் வருவது. கொஞ்சம் ஊட்டச்சத்து சேர்த்து நன்றாகக் கலக்கினால் முதல் நாட்களில் சரியாகிவிடும்.

தினமும் ஒரு முறை ஹைட்ரோமீட்டரில் பார்த்து எழுதி வையுங்கள், ஒரு கரண்டி ருசித்தும் பாருங்கள். இனிப்பு குறையக் குறைய, அதற்குப் பின்னால் மறைந்திருந்த புளிப்பும் துவர்ப்பும் எப்படி வெளியே வருகின்றன என்று நாக்கே சொல்லும். சுவைக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

பிழிதலும் தெளிதலும்

அளவு 1.010க்குக் கீழே வந்ததும், பொதுவாக ஐந்தாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், துணிப்பையில் பிழிந்து குடுவைக்கு மாற்றுங்கள். மென்மையாகப் பிழியுங்கள். கடைசிச் சொட்டுவரை முறுக்கினால் கசப்பும் சேர்ந்து வரும். ஏர்லாக்கைப் பொருத்தி இரண்டு மூன்று வாரம் விடுங்கள். 0.996 பக்கம் வந்து, ஒரு வாரம் அதே எண்ணில் நின்றால் நொதித்தல் முடிந்தது.

அடியில் வண்டல் படிந்திருக்கும். குழாய் வைத்துத் தெளிவை மட்டும் இறுத்து வேறு குடுவைக்கு எடுங்கள். அரை கிராம் மெட்டாபைசல்ஃபைட் சேருங்கள். குடுவை கழுத்துவரை நிறைந்திருக்க வேண்டும், மேலே காற்று இடம் கூடாது. இன்னும் ஒரு மாதம் கழித்து மறுபடி இறுத்தல். இப்போது கையில் சுமார் 5 லிட்டர், துவர்ப்பான, கொஞ்சம் முரட்டுச் சிவப்பு ஒயின் இருக்கும். குடித்துப் பார்த்தால் கடுமையாகத் தெரியலாம். நல்லதுதான், சர்க்கரை வரும்போது அந்தக் கடுமை அடங்கும். இந்தக் கட்டத்திலேயே மென்மையாக இருக்கும் ஒயின், இனிப்பு சேர்ந்ததும் சாயம் போட்ட சர்க்கரைப் பாகு போல ஆகிவிடும்.

பிராந்தி சேர்க்கும் கணக்கு

வாசனை சேர்க்காத, சாதாரணத் திராட்சை பிராந்தி வாங்குங்கள். அதன் லேபிளில் உள்ள ஆல்கஹால் எண்ணிலிருந்து நமக்கு வேண்டிய எண்ணைக் கழியுங்கள்: 40லிருந்து 19 போனால் 21. இது ஒயினின் பங்கு. வேண்டிய எண்ணிலிருந்து ஒயினின் எண்ணைக் கழியுங்கள்: 19லிருந்து 13 போனால் 6. இது பிராந்தியின் பங்கு. அதாவது 21 பங்கு ஒயினுக்கு 6 பங்கு பிராந்தி. 5 லிட்டருக்கு 1.43 லிட்டர்.

18 போதுமே, ஏன் 19 வரை போகிறோம்? சர்க்கரைக்கும் கன அளவு உண்டு. ஒரு கிலோ சர்க்கரை கரைந்தால் திரவம் சுமார் 0.62 லிட்டர் கூடும். அது ஆல்கஹாலை நீர்க்கச் செய்யும். 6.43 லிட்டரில் 650 கிராம் கரைத்தால் மொத்தம் 6.83 லிட்டர் ஆகி, ஆல்கஹால் 18க்கு அருகில் வந்து நிற்கும். நமக்கு வேண்டியது அதுதான். 18இல் ஒயின் ஈஸ்ட் ஏறக்குறைய எல்லாமே முடங்கிவிடும், காடிக் கிருமியும் வளராது. 15, 16 போதும் என்று விட்டால், மிஞ்சிய ஈஸ்ட் புதுச் சர்க்கரையைத் தின்னத் தொடங்கி, பாட்டிலுக்குள் வாயு சேர்ந்து வெடிக்கக்கூடும்.

இனி ஹைட்ரோமீட்டர் ஆல்கஹாலைச் சொல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆல்கஹால் அதை ஒரு பக்கம் இழுக்கும், சர்க்கரை மறுபக்கம் இழுக்கும். கணக்கை நம்ப வேண்டியதுதான். அளவு மாறாமல் நிற்கிறதா என்று பார்க்க மட்டும் அது உதவும்.

சர்க்கரையை நாக்கால் அளப்பது

பிராந்தி சேர்த்து இரண்டு வாரம் விட்டுவிட்டு, நாலு கண்ணாடிக் குவளைகளில் தலா 100 மில்லி ஒயின் எடுங்கள். ஒன்றில் 6 கிராம் சர்க்கரை, அடுத்ததில் 8, அடுத்ததில் 10, கடைசியில் 12. நன்றாகக் கரைத்து, கால் மணி நேரம் விட்டு, குறைந்ததிலிருந்து கூடியதை நோக்கிச் சுவையுங்கள். நடுவே தண்ணீர் குடியுங்கள். சோதனை என்பதால் துப்பிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் நாலாவது குவளைக்கு வரும்போது நாக்கும் தலையும் நம் வசம் இருக்காது.

முதல் வாயில் எல்லாருக்கும் பிடிப்பது அதிக இனிப்புதான். அதை நம்பாதீர்கள். பிடித்த இரண்டு குவளைகளை மட்டும் வைத்துக்கொண்டு, பத்து நிமிடம் கழித்து மறுபடி மூன்று வாய் சுவையுங்கள். மூன்றாவது வாயிலும் எது அலுக்கவில்லையோ அதுவே அளவு. எனக்கு 10 கிராம் சரியாக இருக்கும், புளிப்பு குறைந்த ஒயினுக்கு 8க்கு மேல் போக மாட்டேன். எந்த அளவிலும் திகட்டினால் கோளாறு சர்க்கரையில் இல்லை என்று அர்த்தம். ஒரு குவளையில் 0.1 கிராம் டார்டாரிக் அமிலம் சேர்த்துப் பாருங்கள். அந்தச் சிட்டிகை அமிலத்தில் பழத்தின் வாசனைகூட மேலே வரும். பிடித்திருந்தால் அதே விகிதத்தில் முழுக் குடுவைக்கும் சேர்க்கலாம்.

அளவு முடிவானதும் மொத்தச் சர்க்கரையைக் கொஞ்சம் ஒயினிலேயே கரைத்துச் சேருங்கள். மிஞ்சிய ஈஸ்ட் பெருகாமல் தடுக்க லிட்டருக்கு 0.2 கிராம் சோர்பேட், கூடவே ஒரு சிறு அளவு மெட்டாபைசல்ஃபைட். சல்ஃபைட் இல்லாமல் சோர்பேட் மட்டும் போட்டால் பாக்டீரியா அதை மாற்றி, ஜெரேனியம் இலை போன்ற போகாத நாற்றத்தை உண்டாக்கலாம்.

பொறுத்திருத்தல்

இங்கே வழி இரண்டாகப் பிரிகிறது. குடுவையை நிரப்பி, காற்றுப் படாமல், இருட்டில் வைத்தால் பழமும் சிவப்பும் மாறாமல் ரூபி போர்ட் பக்கம் போகும். கொஞ்சம் காற்று படவிட்டால் நிறம் செங்கல், பிறகு பழுப்பு என மாறி, கொட்டைகளும் உலர்பழமும் மணக்கும் டாணி பக்கம் போகும். பன்யுல்ஸில் சில ஒயின்களைப் பெரிய கண்ணாடிக் குடுவைகளில் திறந்த வெயிலில் வைத்தே முதிர்விக்கிறார்கள். முதல் தடவை நிரப்பிய குடுவையே போதும். ஓக் மரச் சீவல் பிடிக்குமென்றால் லிட்டருக்கு 2 கிராம், ஒரு மாதத்துக்கு மேல் வேண்டாம்.

ஆறு மாதமாவது விடுங்கள். பிராந்தியின் காரம் ஒயினோடு கலக்க அவ்வளவு காலம் வேண்டும். ஹைட்ரோமீட்டர் ஒரு மாதமாக நகரவில்லை, ஏர்லாக்கில் குமிழி இல்லை என்று உறுதியான பிறகு 375 மில்லி பாட்டில்களில் அடையுங்கள். இந்த ஒயினை ஒரு தடவையில் அதிகம் குடிப்பதில்லை, ஆகவே சின்ன பாட்டில்தான் வசதி.

சுவைக்கும் முறை

உங்கள் ஒயின் முதிரும் ஆறு மாதத்தைச் சுவைக்கப் பழகப் பயன்படுத்துங்கள். ஒரு ரூபி போர்ட்டும் 10 வருட டாணியும் வாங்கி அருகருகே வைத்துச் சுவைத்தால் புத்தகத்தில் படிப்பதைவிட அதிகம் புரியும். அதற்கும் வழியில்லையென்றால் இனிப்பில்லாத சிவப்பு ஒயின் ஒரு பாட்டில் போதும். இரண்டு குவளைகளில் 100 மில்லி எடுத்து, இரண்டிலும் 10 கிராம் சர்க்கரை கரையுங்கள். ஒன்றில் மட்டும் 0.2 கிராம் டார்டாரிக் அமிலம். சர்க்கரை இரண்டிலும் ஒன்றுதான், ஆனாலும் அமிலம் சேர்ந்தது குறைவாக இனிக்கும், வாயைவிட்டுச் சுத்தமாக நீங்கும். இனிப்பு ஒயினைப் பற்றி நான் சொல்வதெல்லாம் அந்த இரண்டு குவளைகளுக்குள் இருக்கிறது.

மேலே குறுகிய சிறு குவளையில் 50 மில்லி ஊற்றுங்கள். ரூபி வகைக்கு 16 முதல் 18 டிகிரி, டாணிக்கு 12 முதல் 14. அறை வெப்பம் 28 என்றால் குளிர்பெட்டியில் கொஞ்ச நேரம் வைத்து எடுப்பதுதான் சரி. சூடான இனிப்பு ஒயினில் ஆல்கஹால் மூக்கைக் குத்தும், இனிப்பும் கனத்துத் தெரியும்.

வெள்ளைத் தாளின் மேல் குவளையைச் சாய்த்து விளிம்பைப் பாருங்கள். ஊதா என்றால் இளசு, செங்கல் நிறம் என்றால் வயது ஏறியது. குவளைச் சுவரில் வழியும் கோடுகளைப் பார்த்துத் தரம் சொல்பவர்கள் உண்டு. அவை பெரும்பாலும் ஆல்கஹாலைக் காட்டுகின்றன, தரத்தை இல்லை.

முதலில் சுழற்றாமல் மோந்து பாருங்கள், பிறகு சுழற்றி. நாவல், செர்ரி, பிளம் ஜாம், உலர்திராட்சை, கோகோ, கிராம்பு என்று ஏதாவது வரும். பெயர் வராவிட்டால் கவலை வேண்டாம். பழம் பச்சையா, கனிந்ததா, உலர்ந்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், அதுவே பாதி வேலை. மூக்கு எரிந்தால் பிராந்தி இன்னும் கலக்கவில்லை. நகப்பூச்சு வாசனையோ காடி வாசனையோ வந்தால் தோல் அடுக்கை அமுக்காமல் விட்ட காலத்தின் பலன். ஈர அட்டை நாற்றம் பெரும்பாலும் தக்கையிலிருந்து வருவது.

வாயில் ஒரு தேக்கரண்டி அளவு எடுத்து, நாக்கு முழுவதும் படரவிடுங்கள். இனிப்பு முந்திக்கொண்டு வரும். அது போகட்டும். விழுங்கிய பிறகோ துப்பிய பிறகோ வாயைச் சற்றுத் திறந்து தலையைக் குனிந்தால், எச்சில் எவ்வளவு வேகமாக ஊறுகிறது என்று தெரியும். அதுதான் புளிப்பின் அளவு. ஈறும் கன்னத்தின் உட்பக்கமும் காய்ந்து இறுகுவது துவர்ப்பு. தொண்டையில் இறங்கும் சூடு ஆல்கஹால். கடைசியாக, அரை நிமிடம் கழித்து வாயில் எது மிஞ்சுகிறது என்று கவனியுங்கள். பழம் மிஞ்சினால் நல்ல ஒயின். சர்க்கரையின் பிசுபிசுப்பு மட்டும் மிஞ்சினால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், சமநிலை தவறியது.

உடன் சாப்பிட எது எடுத்தாலும் அது ஒயினைவிட இனிப்பாக இருக்கக் கூடாது, இருந்தால் ஒயின் புளித்துப் போனது போலத் தெரியும். கசப்பு கூடிய டார்க் சாக்லேட் பன்யுல்ஸோடும் ரூபியோடும் நன்றாகப் போகும். உப்புச் சுவை தூக்கலான நீலப் பூஞ்சைப் பாலாடைக்கட்டியும் போர்ட்டும் பழைய கூட்டாளிகள். டாணிக்கு வறுத்த பாதாம், அக்ரூட்.

அளவு சிறிதாகவே இருக்கட்டும். 18 சதவீத ஒயின் 75 மில்லியில் 10 கிராமுக்கு மேல் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. இனிப்பு அதை மறைத்துவிடும். வண்டி ஓட்டுபவர்களும், கர்ப்பிணிகளும், ஆல்கஹாலோடு சேராத மருந்து சாப்பிடுபவர்களும் தொடவே கூடாது.

திறந்த பாட்டிலைத் தக்கை போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் ரூபி வகை இரண்டு மூன்று வாரம் தாங்கும், டாணி ஒரு மாதம்வரைகூட. உங்கள் முதல் தொகுப்பிலிருந்து ஆறு மாதத்தில் ஒன்று, ஒரு வருடத்தில் ஒன்று, இரண்டு வருடத்தில் ஒன்று எனத் திறந்து, ஒவ்வொரு தடவையும் விளிம்பின் நிறத்தையும் மிஞ்சும் சுவையையும் குறித்து வையுங்கள். அடுத்த திராட்சைப் பருவத்தில் பிஎச்சை எங்கே நிறுத்துவது, சர்க்கரையை எத்தனை கிராம் குறைப்பது என்று அந்தக் குறிப்பைப் பார்த்து முடிவு செய்யலாம்.